மூணாவது கூப்பாடு

வடபழனி, சென்னை
6 ஜூலை 2025

அன்பரசி,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு வராது. விஷயத்துக்கு வருகிறேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். வாட்ஸப்பிலும். ரூம்மேட் போனிலிருந்து அடித்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் தபால். கடைசியாக நான் பேனா பிடித்தது டிப்ளமோ பரீட்சைக்கு. கையெழுத்து புரியாவிட்டால் அது என் தப்பு. மற்றது எதுவும் என் தப்பாக எனக்குத் தெரியவில்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்தின் டீசர் வந்தது. அன்றைக்கே பிளாக். ஆகவே காரணம் டீசர். அதில் உன்னுடையது என்று இருப்பது ஒரு குரல்தான். ஆகவே காரணம் குரல். இதுவரை நானே கண்டுபிடித்துவிட்டேன். மிச்சத்தை நீ சொல்ல வேண்டும்.

நீ மூன்று தரம் கூப்பிட்டாய், டீசரில் ஒரு தரம்தான் வருகிறது, அதுதானே? அன்பு, அது வெறும் கட். உன் குரலில் ஒரு தூசியைக்கூட நான் தொடவில்லை. எதிரொலிகூட உங்கள் மலை கொடுத்ததுதான். கதை உனக்குத் தெரியும். ஐந்து பேர் மலை பங்களாவில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு பயம், அந்தப் பயமே ஆளாக எதிரில் வந்து நிற்கிறது. ஹீரோவுக்குச் செத்துப்போன மனைவி கூப்பிட்டுவிடுவாளோ என்று பயம். காட்டிலிருந்து அவன் பெயர் கேட்கிறது. ஒரே தரம். ‘என்ன’ என்று கேட்டுக்கொண்டே வெளியே போகிறான். ஆள் முடிந்தான். ஒரு தரம் என்றால்தான் அந்த சீன் நிற்கும். எடிட்டிங் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இங்கே ஸ்டூடியோவில் கேட்டவர்கள் எல்லோரும் யார் குரல் என்று கேட்கிறார்கள். ‘ஜவ்வாது மலையில சாமை மில்லு ஓட்டுற பொண்ணு’ என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள். நீ சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

பதில் போடு. இல்லை, பிளாக்கை எடு. ரெண்டில் எது சுலபமோ.

மோகன்


வடபழனி
19 ஜூலை 2025

அன்பரசி,

பதில் இல்லை. கஸ்டமர் கேர் பாட்டைக் கேட்டுக்கொண்டு காத்திருக்கிற ஆள் நான் இல்லை என்று உனக்கே தெரியும்.

நம் கதை சண்டையில்தான் ஆரம்பித்தது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். ஜனவரியில், ஷூட்டிங் முதல் நாள், உங்கள் மில்லுக்கு வந்து ‘மெஷின ஆஃப் பண்ணுங்க, டேக் போறோம்’ என்றேன். தலையெல்லாம் உமியோடு நீ வெளியே வந்தாய். ‘நீ உன் சினிமாவ ஆஃப் பண்ணு. நாங்க இந்த மூட்டைய முடிச்சுட்டு சொல்றோம்’ என்றாய். மொத்த யூனிட்டும் அந்த மூட்டை முடிகிறவரை காத்திருந்தது. அன்றைக்கு உனக்கு வாய் இருந்தது. இப்போது மட்டும் எங்கே போனது?

நீ சொல்லாவிட்டால் நானே உன் பக்க வாதத்தையும் வாதாடுகிறேன். டப்பிங் ஆர்ட்டிஸ்ட் சென்னையிலிருந்து வரவில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களை நீ சோற்றுக்குக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறேன். அதனால் டைரக்டர் ஷோபனா மேடத்திடம் உன் பெயரைச் சொன்னேன். நீ ஒரு நிபந்தனை போட்டாய். ‘ஒத்த தரம் கூப்பிட மாட்டேன். மூணும் வரணும்.’ நான் சரி என்றேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெக்கார்டிங்கில் மூன்றும் இருக்கிறதே! படத்தில் எத்தனை வரும் என்று டைரக்டர்தான் முடிவு செய்வார். நான் சவுண்டு அசிஸ்டென்ட்.

ஹீரோ பெயர் அப்போது ராகவ். ‘தெரியாத ஆள் பேர எப்படி கூப்பிடறது? வாயில வரமாட்டேங்குது’ என்றாய். ‘அப்போ தெரிஞ்ச ஆள் யாரையாச்சும் கூப்பிடு. நெஜமாவே வரணும்னு நீ நெனைக்கிற ஆளா’ என்றேன். தொழில் தந்திரம். எந்த சவுண்டு ஆளும் சொல்வதுதான்.

நீ பாறைமேல் ஏறினாய். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டினேன். காற்று, தூரத்தில் ஒரு மாட்டு மணி, அப்புறம் நீ.

‘மோகனோவ்.’

அந்த மலையில் வேறு மோகன் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

மேடம் கேட்ட மறுநிமிஷம் ஹீரோவின் பெயரையே மோகன் என்று மாற்றிவிட்டார். படம் முழுக்க இப்போது எல்லோரும் என் பெயரைச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே அது வேறு யாருடைய பெயரோ மாதிரி ஆகிவிட்டது. ஒரு தரம் மட்டும் என்னுடையதாக இருக்கிறது. அது நீ கூப்பிடுகிறது.

இதை எழுத உட்காரவில்லை. கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மோகன்


வடபழனி
3 ஆகஸ்ட் 2025

அன்பு,

இதுதான் கடைசி. வாதாட ஒன்றும் மிச்சமில்லை.

ஷூட்டிங் ஆரம்பத்தில் மேடம் யூனிட் ஆட்களை ஒவ்வொருவராக மைக் முன்னால் உட்காரவைத்து ‘உங்க பெரிய பயம் என்ன’ என்று கேட்டார். படத்துக்கு உதவும் என்று. லைட்மேன் கிணறு என்றார். கேமராமேன் யோசிக்காமல் ‘எங்கப்பா’ என்றார். நான் ‘ஹார்டு டிஸ்க் போயிடறது’ என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த உன்னையும் கேட்டார். நீ ‘கூப்பிட்டு, யாரும் ஏன்னு கேக்காம போறது’ என்றாய்.

அப்போது நான் லெவல் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் சரியாக விழுகிறதா என்பதில்தான் கவனம். அர்த்தம் விழவில்லை. ரெண்டு கடிதம் போட்டுவிட்டு, தினமும் கீழே இறங்கி லெட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேலே ஏறுகிறேன். இப்போது விழுகிறது.

ஹார்டு டிஸ்க் போனால் காப்பி இருக்கும். அதற்கா நான் பயந்தேன்?

மோகன்


ஜமுனாமரத்தூர்
11 ஆகஸ்ட் 2025

மோகன் அவர்களுக்கு,

மூணாவது கடிதம் வந்தது. அதனால் எழுதுகிறேன். முதல் ரெண்டும் வந்ததா என்று சந்தேகம் வேண்டாம். தபால்காரர் மில்லுக்கே வந்து கையில் கொடுத்தார். ரெண்டாவதை ராணியம்மாள் அக்கா ‘என்னாடி, சினிமாக்காரன் கடுதாசியா’ என்று பிடுங்கப் பார்த்தாள். உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

உங்களை அலைக்கழிக்க வேண்டும் என்று மௌனமாக இருக்கவில்லை. எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தபின் யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் கூப்பாட்டுக்கு ஏன் என்று கேட்க மாட்டோம். ரெண்டாவதுக்கும் கேட்க மாட்டோம். மூணாவதுக்குத்தான் வாயைத் திறப்போம். பேய்க்கு மூணு தரம் கூப்பிடப் பொறுமை கிடையாது, ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கும், ரெண்டு தரம் பார்க்கும், போய்விடும். மூணாவது தரம் கூப்பிடுகிறது என்றால் அது மனுஷிதான், அவளுக்கு நீங்கள் வேண்டும் என்று அர்த்தம். இதை அந்தப் பாறையிலேயே உங்களிடம் சொன்னேன். நீங்கள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தீர்கள்.

வெறும் கட் என்கிறீர்கள். நீங்கள் வெட்டியதற்கு அப்புறம் அது என் குரல் இல்லை. அது பேயின் குரல். என் வாயை வைத்துச் செய்தது.

டீக்கடைத் தங்கவேல் மாமா அதை ரிங்டோனாக வைத்தார். பையன்கள் எல்லோரும் வைத்தார்கள். மில்லுக்குப் போகும்போது ஒருத்தன் போன் அடிக்கும், ‘மோகனோவ்’ என்று. பின்னாலேயே சிரிப்பு. ‘ஒத்தக் கூப்பாடு வருது, யாரும் ஏன்னு கேட்டுறாதீங்கடா’ என்பார்கள். நான் திரும்பி நாலு வார்த்தை திட்டுவேன். அதெல்லாம் எனக்குப் பெரிசில்லை.

போன மாசம் ஒரு சாயங்காலம் அம்மா ஓடைப்பக்கம் போயிருந்தாள். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துச் சாமைக் கொல்லையில் இறங்கிவிட்டது. ‘யம்மோவ்’ என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. சரி, முதல் தரம். ரெண்டாம் தரம். மூணாம் தரம். பதில் இல்லை. காதில் விழாத தூரம் இல்லை, ஓடையில் துணி துவைக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டதும் அந்தச் சத்தம் நின்றது. அப்படியென்றால் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

நாலாம் தரம் எங்கள் ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. நான் கூப்பிட்டேன்.

அம்மா புளியமரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள், தரையில் படுகிறதா என்று. அப்புறம்தான் கேட்டாள், ‘நீதானாடி?’

என்னைப் பெற்றவள்.

ஐந்து பேருக்கு அவரவர் பயம் எதிரில் வந்து நிற்கிற படம் என்று சொன்னீர்கள். ஆறாவதாக ஒருத்தி இருக்கிறாள். டீசரில் அவள் முகம் வராது.

மூணையும் போடுங்கள். முடியாவிட்டால் என் குரலை எடுத்துவிடுங்கள். ரெண்டில் எது சுலபமோ.

அன்பரசி

ஊர்ப் பேச்சு தெரியாதவர் என்பதால் இன்னொன்று. கூப்பிட்டால் நாங்கள் மரியாதையாக ‘ஏன்’ என்போம். உங்கள் ஊர் கணியம்பாடியில் ‘இன்னா’ என்கிறீர்கள். சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. கொஞ்ச நாளாகக் கேட்காமல் இருப்பதால் அந்தச் சண்டையும் இல்லாமல் மில்லு சப்பென்று ஓடுகிறது.


வடபழனி
18 ஆகஸ்ட் 2025

அன்பு,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். மேலே வர முடியவில்லை.

மன்னிப்பு கேட்டு எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் ‘ஆனால்’ வந்துவிடுகிறது. கிழித்துப் போட்டேன். என்ன செய்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்று கூப்பாட்டையும் வைத்து சீனை மறுபடி கட்டினேன். இடைவெளி எதையும் குறைக்கவில்லை, நீ எவ்வளவு நேரம் விட்டாயோ அவ்வளவு. மேடத்தை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். கண்ணை மூடிக் கேட்டார். நல்ல காது அவருக்கு.

‘மோகன், ஒரு தரம் கூப்பிட்டா முதுகுல சில்லுன்னு இருக்கு. மூணு தரம் கூப்பிட்டா சாப்பிட வாடான்னு கூப்பிடற மாதிரி இருக்கு. பயமே போயிடுச்சு.’

‘அந்தப் பொண்ணு நிஜமா கூப்பிட்டது அப்படித்தான் மேடம்.’

‘நான் எடுக்கறது பயப்படறவங்கள பத்தி படம். சாப்பாட்டுக்கு கூப்பிடறவங்கள பத்தி இல்ல.’

அவர் சொன்னது சரி, அன்பு. உன்னிடம் பொய் சொல்ல முடியாது. மூன்றையும் கேட்டால் பயம் போய்விடுகிறது. மூன்றாவது வரும்போது எழுந்து போகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். எனக்கு எங்கே போகத் தோன்றியது என்று எழுத வேண்டியதில்லை.

ஆக மூன்று நடக்காது. உன் ரெண்டாவது வழிதான் மிச்சம், குரலை எடுப்பது. அதை மட்டும் கேட்காதே. நான் இந்தத் தொழிலில் பதிவு செய்ததில் உருப்படியான சத்தம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கதவு, செருப்பு, மழை. தினமும் காலையில் மிஷினைப் போட்டதும் முதலில் அதைத்தான் கேட்கிறேன். ஸ்பீக்கரைச் சோதிக்க என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது.

வேறு ஏதாவது கேள். ரிங்டோன் வைத்தவர்களை வந்து உதைக்கவா?

மோகன்


ஜமுனாமரத்தூர்
27 ஆகஸ்ட் 2025

மோகன் அவர்களுக்கு,

யாரையும் உதைக்க வேண்டாம். தங்கவேல் மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். ‘தெரியாம வச்சுட்டேன் பாப்பா’ என்று மாற்றிவிட்டார். இப்போது சாமி பாட்டு.

நீங்கள் தினமும் என் குரலைக் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் செய்வது உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். ஒவ்வொரு சீன் முடிந்ததும் கையைத் தூக்குவீர்களே, ‘ஒரு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது, இந்த எடத்தோட சத்தத்த மட்டும் எடுக்கறேன்’ என்று. அத்தனை பேரும் சிலையாக நிற்பார்கள். நாங்களும் மில்லில் நிற்போம். எனக்கு அதுவரை எங்கள் ஊருக்கென்று ஒரு சத்தம் இருப்பதே தெரியாது. இப்போது சாயங்காலமானால் நானே மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு நிற்கிறேன். ராணியம்மாள் அக்கா, ‘யாருக்குடி தெனம் மௌன அஞ்சலி?’ என்று கேட்கிறாள். பெல்ட் சூடாகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு அது நல்ல சத்தம். தியேட்டரில் உட்காருகிறவர்களுக்குப் பேய். போளூர் தியேட்டருக்கு எங்கள் ஊரிலிருந்து எல்லோரும் போவார்கள். இருட்டில் உட்கார்ந்து கேட்பார்கள். என் அம்மாவும் கேட்பாள். அவன் வெளியே போய்ச் சாவதைப் பார்ப்பாள். அதற்கப்புறம் நான் யாரைக் கூப்பிடுவது? இப்போதே பொழுது சாய்ந்தால் யாரையும் கூப்பிடுவதில்லை, பக்கத்தில் நடந்து போய்த் தொட்டுச் சொல்கிறேன். தொட்டாலும் திடுக்கிடுகிறார்கள்.

இன்னொன்றும் பயம். படத்தில் நான் கூப்பிடுவது உங்கள் பெயரை. ஒத்தக் கூப்பாட்டில் உங்கள் பெயர் ஊர் ஊராகப் போகப்போகிறது. படித்தவர், சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் சிரிக்க மாட்டேன்.

அன்பரசி


வடபழனி
14 செப்டம்பர் 2025

அன்பு,

சிரிக்கவில்லை.

எடுத்துவிட்டேன். நேற்று ஃபைனல் மிக்ஸ் முடிந்தது. படத்தில் நீ எங்கேயும் இல்லை. எப்படி என்று கேட்பாய், அதனால் சொல்கிறேன்.

மேடத்திடம் போய் அந்தக் குரல் படத்தில் வராது என்றேன். ‘யார் முடிவு பண்ணது?’ என்றார். ‘குரலுக்கு சொந்தக்காரங்க. மூணும் வரும்னு நான்தான் வாக்கு குடுத்தேன். மூணு வராது, அதனால ஒண்ணும் வராது.’ ‘மிரட்டறியா?’ ‘தகவல் சொல்றேன் மேடம்.’

அப்புறம் ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்டை வரச் சொன்னார். அந்த அம்மா வந்தார், ஹெட்போனை மாட்டினார், ஒரே டேக்கில் கூப்பிட்டார், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ரெண்டு குழந்தை, ஸ்கூல் விடுகிற நேரமாம். சுத்தமான குரல். பயமாகவும் இருக்கிறது. யாரையும் கூப்பிடுகிற மாதிரி மட்டும் இல்லை. பெயரையும் பழையபடி ராகவ் ஆக்கச் சொன்னேன். அதற்குத்தான் மேடத்துக்கு நிஜமான கோபம் வந்தது, ஏனென்றால் எல்லா வசனத்தையும் மறுபடி டப் பண்ண வேண்டும். செய்தார். செய்துவிட்டு, ‘இந்த படத்தோட நீ வேற எடம் பாத்துக்க’ என்றார். நியாயம்தான். பழைய டீசரை எடுத்துவிட்டுப் புதுசு போட்டிருக்கிறார்கள். ரிங்டோனாகப் போனதை மட்டும் என்னால் திரும்பக் கூப்பிட முடியாது.

இந்தக் கவருக்குள் டேப் சுற்றி ஒரு மெமரி கார்டு வைத்திருக்கிறேன். அதில் உன் மூன்று கூப்பாடும் இருக்கிறது, வெட்டாமல், நீ பாறையில் ஏறியதிலிருந்து இறங்கியது வரை. என்னிடம் காப்பி இல்லை. ஸ்டூடியோ டிஸ்க்கில் அழித்துவிட்டேன், என் லேப்டாப்பில் அழித்துவிட்டேன். எதையும் ரெண்டு இடத்தில் வைக்காமல் நான் தூங்கியதில்லை. இது ஒரே இடத்தில், ஒரு தபால் கவரில் போகிறது. நேற்று ராத்திரியே போடப் போய், பெட்டிக்குள் விட்ட கையோடு நின்றேன். பின்னாலிருந்த ஆள் ‘சார், போடறீங்களா இல்லையா’ என்றார். திரும்பக் கொண்டுவந்து இந்த வரிகளைச் சேர்க்கிறேன்.

இன்று காலை மிஷினைப் போட்டேன். கேட்க ஒன்றும் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மோகன்


ஜமுனாமரத்தூர்
23 செப்டம்பர் 2025

மோகன் அவர்களுக்கு,

கார்டு பத்திரமாக வந்தது. எனக்கு அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் அரிசி டப்பாவில் வைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் போனில் போட்டேன். அம்மா பின்னால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக வைத்தேன்.

முதல் கூப்பாடு. வாளி சத்தம் நின்றது. ரெண்டாவது. மாடு கூட அசையவில்லை. மூணாவது கூப்பாடு முடிந்ததும் அம்மா, ‘ஏன்டி?’ என்றாள். சாதாரணமாக, எப்போதும் போல.

பேய் போய்விட்டது. அவ்வளவு சுலபமாக. உட்கார்ந்து அழுதேன். அம்மா உள்ளே வந்தாள். ‘போன்ல நீதானா? நீ கொல்லையிலேர்ந்து கூப்பிடறன்னு நெனச்சேன். இன்னொரு தரம் போடு’ என்றாள். போட்டேன். காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். எல்லாம் முடிந்து நான் பாறையிலிருந்து இறங்குகிற சத்தம் வரை கேட்டுவிட்டு, ஒரு கேள்வி கேட்டாள்.

‘மூணு தரம் கூப்பிட்டிருக்க. அந்தப் பையன் ஏன்னு கேட்டானா?’

கேட்கவில்லை மோகன். கார்டில் இருக்கிறது, நீங்களே எடுத்துவைத்தது. நான் மூணாவது தரம் கூப்பிட்டு முடித்ததும் உங்கள் குரல் வருகிறது. ‘ஓகே டேக்.’ அன்றைக்குப் பாறைமேலிருந்து பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

நிஜமாகவே வர வேண்டும் என்று நினைக்கிற ஆளைக் கூப்பிடச் சொன்னீர்கள். கூப்பிட்டேன். உங்களுக்கு அது தொழில் தந்திரம். டீசர் வருவதற்கு முன்னாலிருந்தே எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் இதுதான். டீசர் வந்ததும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். பிளாக் பண்ணியது பாதி பேய்க்காக, பாதி கட்டைவிரலுக்காக.

இப்போது நீங்கள் அவசரமாக ‘ஏன்’ என்று எழுதுவீர்கள். எழுதாதீர்கள். அது பழைய கூப்பாடு. ஜனவரியில் கூப்பிட்டதற்குச் செப்டம்பரில் ஏன் என்று கேட்டால் செல்லாது. இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம்.

மறுபடி கூப்பிடத் தோன்றினால் கூப்பிடுவேன். தோன்றாமலும் போகலாம். வழி உங்களுக்குத் தெரியும். முதல் தரத்துக்கே ஓடி வருகிறவரை நான் நம்ப மாட்டேன்.

அன்பரசி


ஜமுனாமரத்தூர்
4 அக்டோபர் 2025

மோகனோவ்.


ஜமுனாமரத்தூர்
13 அக்டோபர் 2025

மோகனோவ்.


ஜமுனாமரத்தூர்
29 அக்டோபர் 2025

மோகனோவ்.


வடபழனி
1 நவம்பர் 2025

அன்பு,

முதல் கவர் வந்த அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டேன். போளூர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, டிரைவர் ஸ்டார்ட் பண்ணியதும் இறங்கிவிட்டேன். கண்டக்டர் ‘லூசா நீ’ என்றார். ரெண்டாவது வந்தபோது பையைத் தொடவில்லை, ஆனால் பேனாவை எடுத்தேன், மூடி வைத்தேன். தீபாவளி வந்தது, போனது. தபால் வரவில்லை. உனக்குத் தோன்றாமல் போய்விட்டது என்று நினைத்தேன். ஹார்டு டிஸ்க், கிணறு, அப்பா எல்லாம் ஒன்றுமே இல்லை, அன்பு. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில் இருக்கிறதே, அதுதான் பயம். படத்தில் அதை வைத்திருக்க வேண்டும்.

இன்று மூணாவது வந்தது. ஹெட்போன் இல்லாமல் கேட்டது.

நாளைக் காலை போளூரில் இறங்கி மலை பஸ் பிடிக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். ஆனாலும் கூப்பிட்டது தபாலில், அதனால் பதிலும் தபாலில்தான்.

இன்னா?